எட்டுப் பள்ளத் துப்பாக்கி

இதைப் பதினான்கு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம்கூட. சொல்லிவிட்டால் அவள் தம்பியின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் காரணம். நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப்போவதில்லை. ஆனால் நேரங்களையெல்லாம் அன்றைக்கே காலண்டரின் பின்பக்கம் குறித்து வைத்தேன். அந்தத் தாள் இப்போது என் முன்னால் இருக்கிறது.

2009 டிசம்பர். மேற்கு வர்ஜீனியா மலை. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கிகளுக்கென்று மான் வேட்டையில் தனியாக ஒதுக்கும் வாரம். தோட்டா கிடையாது. குழலின் வாயில் வெடிமருந்தைக் கொட்டி, எண்ணெய்த் துணியில் பொதிந்த ஈயக்குண்டைக் கோலால் அடிவரை இடித்து இறக்க வேண்டும். ஒரு வேட்டுதான். தவறினால் மறுபடி முதலிலிருந்து.

அந்த வருடம் என்னிடம் புதிதாக ஒன்று இருந்தது. புதிது என்றால் எனக்குப் புதிது. செத்துப்போன யாரோ ஒருவரின் வீட்டுச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தது. என் கட்டைவிரல் நுனி நுழையும் அளவுக்கு அகன்ற வாய். குண்டு சுழன்றபடி நேராகப் போவதற்காகக் குழலுக்குள் பள்ளங்கள் வெட்டியிருப்பார்கள் அல்லவா? இதில் அகலமான எட்டுப் பள்ளங்கள், ஆறடிக்கு ஒரு சுற்று என்று மெல்லத் திரும்பி ஓடின. எட்டு என்பதால் பள்ளத்துக்கு நேரெதிரே பள்ளம். வாங்கிய அன்று விரலை விட்டுத் தடவி எண்ணினேன். எட்டு.

"இதால மானச் சுடப்போறீங்களா மச்சான், இல்ல ஆத்துல கப்பல் ஏதும் வருதா?" என்றான் ஹோபர்ட், என் மனைவியின் தம்பி. வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு வயித்தெரிச்சல்."

"எனக்கென்ன. உங்க தோள் எலும்பு முறிஞ்சா அக்கா என்னத்தான் ஏசுவா."

"நீ ஓடைப் பக்கம் போ. இருட்டுற வரைக்கும் மேல ஏறாத. நானே இறங்கி வந்து கூப்பிடுறேன்."

"சரிங்க வாத்தியாரே."

காலை 6.10. கெட்டிப்பதற்கு முன் வெறும் குழலுக்குள் கோலைப் போட்டுப் பார்த்தேன். 'டிங்' என்று இரும்பில் இரும்பு தட்டியது. கோலில் இரண்டு கோடு கீறி வைத்திருப்பேன். கீழ்க்கோடு, கெட்டித்த குழலுக்கு. மேல்கோடு, வெறும் குழலுக்கு. மேல்கோடு வாயோடு சரியாக நின்றது. காலி. பிறகு மருந்து, துணி, குண்டு. இடித்து முடித்துப் பார்த்தேன்.

கீழ்க்கோடு வாய்க்கு ஒரு விரல் மேலே நின்றது.

மறுபடி இடித்தேன். இறங்கவில்லை. துணி தடிப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். முப்பது வருடமாகக் கெட்டிக்கிறவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது.

மேட்டில், சாய்ந்து கிடந்த ஓக் மரத்தடியில் உட்கார்ந்தேன். எனக்குக் காட்டில் பிடித்ததே அந்த மௌனம்தான். மணிக்கணக்காக ஒன்றும் நடக்காது. மனசு தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கும். அன்றைக்கு அந்த மௌனம் காலியாக இல்லை. பக்கத்தில் இன்னொருவர் பேசாமல் உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

11.40. எரிந்த கரிமருந்தின் வாடை, அழுகிய முட்டை போல. எந்தப் பக்கமும் யாரும் சுட்ட சத்தம் கேட்கவில்லை.

2.20. குழலுக்கு அடியில் செருகியிருந்த கோல், இரண்டு விரல் அளவு வெளியே வந்திருந்தது. உள்ளே தள்ளினேன்.

2.45. மறுபடி வந்திருந்தது.

நன்றாக அழுத்திச் செருகி, உள்ளங்கையால் அதன் நுனியைப் பொத்திக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து… கோல் மெல்ல என் கையைத் தள்ளியது.

4.52. எனக்குப் பின்னால் ஒரு சத்தம். அதை வேறெதோடும் குழப்பிக்கொள்ள மாட்டேன். குழலுக்குள் குண்டு இறங்கும் சத்தம்.

சர்ர்ர்ர்… தொக்.

திரும்பினேன். பனியில் என் காலடித் தடம் மட்டும்.

சர்ர்ர்ர்… தொக்.

5.14. வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. சுட இன்னும் சில நிமிடம்தான் அனுமதி. நாற்பது கஜத்தில், புதருக்கு மேலே… கொம்பு. பழுப்பு முதுகு. மெல்ல ஏறி வந்தது.

துப்பாக்கியின் குதிரையைப் பின்னால் இழுத்தேன். குறி வைத்தேன். விசையை அழுத்தினேன்.

'டப்.'

மருந்துக்குத் தீ வைக்கும் சின்னக் கேப் மட்டும் வெடித்தது. மருந்து பற்றவில்லை.

வேறு கேப் வைத்தேன். கை நடுங்கவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. கொம்பு இன்னும் நெருங்கியது. முப்பது கஜம்.

'டப்.'

மூன்றாவது கேப்பை எடுத்தேன்.

"மச்சான்…"

கொம்புக்குக் கீழிருந்து குரல் வந்தது.

"இதக் கொஞ்சம் பிடிங்க மச்சான். தோள் விட்டுப்போச்சு."

ஹோபர்ட். ஓடைக்கு அப்பால், எனக்குச் சத்தம் கேட்காத தூரத்தில் சுட்ட மானைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறி வந்திருந்தான். வேர்த்தது என்று, மனிதன் என்று தெரிவதற்காக வேட்டையில் போடும் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தான். புதர் அதை மறைத்துவிட்டது.

"ஏதாச்சும் வந்துச்சா?" என்றான்.

"இல்ல."

"பின்ன ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

நான் மானின் கால்களைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் துப்பாக்கியை ஆர்லீன் அக்காவின் பட்டறைக்கு எடுத்துப் போனேன். எங்கள் பக்கம் குழலுக்குப் பள்ளம் வெட்டுவது அவள்தான். மருந்து பற்றவில்லை, குண்டு உள்ளேயே இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் திருகுமுனைக் கோலை இறக்கி என் குண்டை இழுத்தெடுத்தாள். பிறகு மருந்தைத் தாளில் கொட்டி, ஒரு சிட்டிகையைப் பற்ற வைத்தாள். புஸ்ஸென்று எரிந்தது.

"மருந்து நல்லாத்தானே இருக்கு." கோலை மறுபடி இறக்கினாள். 'டிங்' கேட்கவில்லை. "டெல்மர், ரெண்டு குண்டா போட்ட?"

"ஒண்ணுதான் அக்கா."

"இன்னொண்ணு அடியில கிடக்குடா. அதுக்கு மேல மருந்தக் கொட்டினா, அடியில வர்ற தீயில எப்படிப் பத்தும்?"

அதை எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள். வெளியே வந்ததை விரலால் உருட்டினாள். என் குண்டை விடச் சிறியது.

"இது உன் குழலுக்குச் சேராது. போட்டா உருண்டு வெளிய விழணும்."

ஈயத்தின் மேல் பள்ளங்களின் அச்சு பதிந்திருந்தது. விளக்கடியில் வைத்து எண்ணினாள். நானும் எண்ணினேன். பள்ளத்துக்கு எதிரே மேடு.

ஏழு.

பிறகு குழலைக் கட்டையிலிருந்து கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். சின்னதாக ஒரு முத்திரை.

"என்னுதுதான். எழுபத்தெட்டுல நான் வெட்டினது. அதுக்கு முன்ன இதுல ஏழு பள்ளம். சின்ன வாய். வில்லர்டுன்னு ஒருத்தர் கொண்டு வந்தாரு. இந்த ஏழுல ஒண்ணுகூட மிச்சம் இருக்கக் கூடாது, எல்லாத்தையும் சுரண்டி எடுத்துட்டுப் புதுசா வெட்டிக் குடுன்னாரு. அழுதுக்கிட்டே நின்னாரு."

"ஏன்?"

"தம்பியச் சுட்டுட்டாரு. பொழுது சாயுற நேரம். அவன் தோள்ல மானப் போட்டுட்டு மேட்டுல ஏறி வந்திருக்கான். கொம்பு மட்டும்தான் தெரிஞ்சுதாம்."

ஹோபர்ட்டைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"அவர் சுட்ட குண்டு…?"

"முதுகெலும்புல சிக்கிக்கிச்சு. டாக்டர் எடுக்கல." அவள் தன் உள்ளங்கையில் கிடந்த அந்தச் சின்னக் குண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அதோடதான் புதைச்சாங்க."

அவள் கையை மூடவும் இல்லை. என் பக்கம் நீட்டவும் இல்லை.