வெற்றிடத்தில் ஒரு சந்தனப் பொட்டு

போன வாரம் எங்கள் லேபில் ஆயுத பூஜை. லேத்துக்குப் பொட்டு, டைப்ரைட்டருக்குப் பொட்டு, லேப் பஸ்ஸின் நெற்றிக்கும் பொட்டு. ஆர்வக் கோளாறில் நான் ஒரு பொட்டு கூடுதலாக வைத்துவிட்டேன்...

நாங்கள் செய்வது விண்கலத்துக்கான ஒரு சின்ன எஞ்சின். நெருப்பும் கிடையாது, சத்தமும் கிடையாது. ஆவிக்கு மின்சாரம் ஏற்றிப் பின்னால் வீசினால் கலம் முன்னால் நகரும். எவ்வளவு பலம்? உள்ளங்கையில் ஒரு போஸ்ட் கார்டை வைத்துப் பாருங்கள் — அந்தக் கனம்தான்! ஆனால் மேலே தடுப்பதற்கு ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தால் எங்கேதான் போக முடியாது? காலையில் மல்காஜ்கிரியில் பஸ் ஏறினால், செகந்திராபாத் வருவதற்குள் நான் மனதால் சனி கிரகத்தைத் தாண்டியிருப்பேன்.

மற்ற நாட்டார் இதற்குப் பாதரசம் ஊற்றுகிறார்கள். நாங்கள் பிடித்தது அயோடினை. ஆமாம், முழங்கால் சிராய்த்தால் டிங்சராகப் போட்டு நம்மை அலற வைப்பார்களே, அதே அயோடின்! சூடாக்கினால் அழகான ஊதா ஆவியாகும். மூன்று வருட உழைப்பு. வெள்ளிக்கிழமை டெல்லியிலிருந்து குழு வருகிறது. எஞ்சின் ஒளிர்ந்தால் திட்டம் தொடரும். இல்லையென்றால் மூடுவிழா.

காற்றை உறிஞ்சி எடுக்கும் இரும்புத் தொட்டிக்குள் எஞ்சினை வைத்துப் பம்பைப் போட்டோம். அழுத்தம் ஓரளவு இறங்கி, அங்கேயே நின்றுவிட்டது. இன்னும் இறங்கினால்தான் எஞ்சின் ஒளிரும். டெக்னீஷியன் ரஹீம் பாய் எங்களோடு பழகித் தமிழ் பேசுபவர். இரண்டு நாள் ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தார்.

"லீக்கே இல்ல சாப்! கைக்கு இறங்க மாட்டேங்குது?" — 'கைக்கு' என்றால் ஹைதராபாத் உருதுவில் 'ஏன்'.

வியாழக்கிழமை மதியம் சாப்பிட்டுத் திரும்பும்போது, பம்பின் மேலிருந்த சந்தனப் பொட்டு என் கண்ணில் பட்டது. எஞ்சினின் முதுகிலும் ஒன்று வைத்திருந்தேனே! வெற்றிடத்தில் ஈரச் சந்தனம் ஆவி விட்டுக்கொண்டே இருக்குமே!

சொல்லாமல் இருந்துவிடலாமா? ஒரு நிமிடம் அப்படியும் யோசித்தேன், ஒப்புக்கொள்கிறேன். பிறகு எங்கள் லேப் சீஃப் முன்னால் போய் நின்றேன்.

"லீக் இல்ல சார். சந்தனம்... நான்தான் வச்சேன்."

"தொட்டிக்கு வெளியில வச்சா சாமி ஒத்துக்காதா?"

"தூரமாப் போகப் போறது இதுதானே சார்..."

சீஃப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தொட்டியைத் திறக்கச் சொல்லி, தாமே ஸ்பிரிட்டும் பஞ்சுமாக உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை அழுத்தம் இறங்கியிருந்தது. குழுவினர் முன்னால் ரஹீம் பாய் ஸ்விட்சைத் தட்டினார். தொட்டியின் சின்ன ஜன்னலில் வெளிர் ஊதாவாக ஓர் ஒளி... அசையாமல், சத்தமில்லாமல். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். என் முறையும் வந்தது. ஃபேன், ஃபைல், மேஜை எதுவும் என்னைச் சுற்றி இல்லை; சனி கிரகத்துக்குப் பக்கத்தில் எங்கேயோ இருந்தேன். அழுதேன் என்றால் நம்புவீர்களா?

பிறகு கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் பேசினார்கள். வெளியே வந்த சீஃப் நேராக என்னிடம் வந்தார். முகத்திலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அடுத்த வருஷம் பூஜைக்கு நீங்க அந்த எஞ்சின் பக்கமே வரக் கூடாது."

திட்டு வாங்கி இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை — அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறதே!