சந்தனம் பூசிய டேப்புகள்

எண்பதுகளின் கடைசியில், திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் கம்ப்யூட்டர் அறை என் பொறுப்பில் இருந்தது. கரமனையிலிருந்து பஸ்ஸில் நசுங்கி வந்து அந்த அறைக்குள் நுழைந்தால்தான் எனக்கு மூச்சு வரும். ஏசி போட்டது மிஷினுக்கு, அனுபவித்தது நாங்கள்.

வாராவாரம் எல்லோருடைய ஃபைல்களையும் ஒரே மூட்டையாகக் கட்டி டேப்பில் பதிந்து அலமாரியில் வைப்போம். சரஸ்வதி பூஜை வந்தால் மிஷினுக்கு மாலை, டேப்புகளுக்குச் சந்தனப் பொட்டு. அந்த வருஷம் பொட்டு வைத்தவள் புதிதாகச் சேர்ந்திருந்த பெண். விதுராவுக்கு மேலே தேயிலை எஸ்டேட்டில் வேலை செய்த தமிழ்க் குடும்பம். கை ரொம்பத் தாராளம். சந்தனத்தை நீர்க்கக் கரைத்து லேபிள் மேலேயே அப்பிவிட்டாள். பூஜை முடிந்து பார்த்தால் பேனா மை மொத்தமும் கரைந்திருந்தது. எது எந்த வாரத்து டேப் என்று அந்தச் சரஸ்வதிக்கே தெரியாது. நான் கத்திய கத்தலில் அவள் முகம் செத்துப்போயிற்று.

அடுத்த பதிவுக்குள் அடுத்த இடி. ஒரு கட்டளையைத் தப்பாக அடித்து, தன் ஃபைல்கள் எல்லாவற்றையும் அவளே அழித்துவிட்டாள். மழைக்காலத்தில் விழிஞ்ஞத்துக் கரையில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று கணக்கிடும் புரோகிராமும் அதில் போயிற்று. வெள்ளிக்கிழமை அதை ஓட்டிக் காட்டினால்தான் அவளுடைய தற்காலிக வேலை நீளும். இல்லாவிட்டால் எஸ்டேட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"கிட்டுமா அக்கா?" என்றாள்.

பூஜைக்கு முன் கடைசியாகப் பதிந்த டேப்பில் அது இருந்தாக வேண்டும். எல்லா டேப்பையும் மிஷினில் இறக்கிப் பார்க்கலாமே என்றாள். இறக்கினால் மற்றவர்களின் இன்றைய வேலை மேல் பழைய ஃபைல்கள் ஏறி உட்கார்ந்துவிடும். ஊரே என்னை அடிக்க வரும். மூட்டையை அவிழ்க்காமலே உள்ளே இருப்பவற்றின் பெயரையும் தேதியையும் சொல்ல டார் என்ற கட்டளை உண்டு. அது சொல்வதிலிருந்து நமக்கு வேண்டிய பெயருள்ள வரியை மட்டும் கிரெப் என்ற இன்னொரு கட்டளை பொறுக்கித் தரும். இரண்டையும் சேர்த்து ஓடவிட்டேன்.

டேப் மாற்றி டேப். சிலவற்றில் ஒன்றுமே இல்லை. ஒன்றில் பெயர் வந்தது, ஆனால் ஓணத்துக்கு முந்தைய தேதி, பாதிப் புரோகிராம். இதுவே போதும் என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. பாதி அலையை யாருக்குக் காட்டுவாள்?

சந்தனம் மிகக் கனமாக அப்பியிருந்த டேப்பில் அதே பெயரும் பூஜைக்கு முந்தைய வாரத்துத் தேதியும் தெரிந்தன. அந்த ஒரு ஃபைலை மட்டும் எடுக்கச் சொன்னேன். அப்படி ஒன்று இல்லையே என்றது மிஷின். அவள் நாற்காலியில் சரிந்து அழ ஆரம்பித்தாள்.

திரையை மறுபடி பார்த்தேன். நான் வெறும் பெயரைக் கொடுத்திருந்தேன். மூட்டைக்குள் அது அவளுடைய டைரக்டரிப் பாதை என்ற முழு விலாசத்தோடு பதிந்திருந்தது. அதை அப்படியே முழுதாக அடித்தேன். டேப் சுழன்றது, நின்றது. ஃபைல் வந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது.

வெள்ளிக்கிழமை புரோகிராம் ஓடியது.

மறுவருஷம் பூஜையன்று சந்தனக் கிண்ணத்தோடு அவளேதான் வந்தாள். அவளை அங்கே பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"டேப்பைத் தொடல்லே அக்கா. கதவில வைக்கட்டா?"

லேபிள்களையெல்லாம் நான் அதற்குள் பென்சிலால் எழுதி முடித்திருந்தேன்.

"டேப்லயே வைடீ," என்றேன்.