பல்லில் கவ்வாத பறி

குனியும்போதெல்லாம் தனக்கோடியின் பறி நெஞ்சில் வந்து இடிக்கும். எங்கள் பசியாவரத்துப் பெண்கள் பழவேற்காடு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். இவள் மட்டும் கழுத்தில் மாட்டிக்கொள்கிறாள். பறி ஆடுகிற ஆட்டத்தில் பாதி இறால் வெளியே எகிறிவிடும்.

"போறது போவட்டும். வாய மூடிகினு என்னால வேல செய்ய முடியாது."

அந்த வாய் பாட்டுக் கட்டும் வாய். சித்திரை வெயிலில் கம்பளிச் சட்டைக்குள் வேகும் ஒல்லாந்தர் கோட்டைச் சிப்பாய், உப்பை ஒளித்து வைக்கும் மாமியார், புருஷன் தசரதனின் குறட்டை என்று ஒன்றையும் விடமாட்டாள். தோதான சொல் கிடைக்காவிட்டால் கையில் இறாலோடு அப்படியே நின்றுவிடுவாள். இறால் துள்ளி ஓடினது கூடத் தெரியாது. அப்போது யாராவது பேசினால் தொலைந்தார்கள்.

எங்கள் ஊருக்குப் பாட்டு என்றால் உயிர். அடுத்தவனைப் பற்றிய பாட்டாக இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

முகத்துவாரத்தில் மீன் நன்றாக விழும். அங்கே வலை போட வீட்டுக்கு வீடு முறை உண்டு. போன மாதம் தசரதனுக்கு வந்த முறையை ஊர்த்தலைவரான பெரியதனக்காரர் பச்சைமுத்து தன் மைத்துனனுக்குத் தூக்கிக் கொடுத்தார். கோட்டைக்கு மீன் கேட்கிறார்களாம். கோட்டைப் பக்கம் ஒரு செதில்கூடப் போகவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறந்தவள் தனக்கோடி ஒருத்திதான்.

"கோட்டைக்குன்னு சொன்னாங்க கொழுத்த மீனு – அது
மச்சான் வூட்டுக் கொழம்புல மணக்குதே ஏனு?"

சாயங்காலத்துக்குள் படகுக்காரர்கள் இதைப் பழவேற்காடு வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாளே ஊர் கூடியது. தனக்கோடி இனிமேல் பறியைக் கவ்விக்கொண்டுதான் தண்ணீரில் இறங்கவேண்டும், இல்லாவிட்டால் தசரதன் வீட்டுக்கு எந்தக் காலத்திலும் முறை கிடையாது என்றார் பச்சைமுத்து. பாட்டைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

"முறை போச்சுன்னா சோத்துக்கு இன்னாடி பண்றது?" என்றான் தசரதன்.

"முறைதான் அப்பவே போயிடுச்சேய்யா. வாயும் போவணுமா?"

அவன் நைந்துபோயிருந்த பறிக் கயிற்றை அவிழ்த்துப் போட்டு, கழுத்துக்குத் தோதாகப் புதுக்கயிறு முடிந்துகொடுத்தான்.

விடிந்ததும் பச்சைமுத்துவே கரையில் வந்து நின்றார். பெண்கள் பறியைக் கவ்வியபடி தண்ணீரில் காத்திருந்தார்கள். தனக்கோடி வந்தாள். கழுத்திலிருந்த பறியைக் கழற்றினாள். பெரியதனக்காரர் முகத்தில் சிரிப்பு வந்தது.

அவள் தண்ணீருக்குப் போகாமல் நேரே அவரிடம் வந்தாள்.

"என் வாய்ல பாட்டு கீது, எடமில்ல. பொய் சொல்ற வாய்க்குத்தான் இது வோணும். இந்தா பெரியதனம், கவ்விக்கோ" என்று கயிற்றை அவர் பல்லுக்கு நேராக நீட்டினாள்.