நிரப்பாமல் விட்ட வரி

முக்காற்புள்ளி போட்டால் அதற்குப் பின்னால் ஏதாவது வந்தாக வேண்டும். பிழை திருத்துவது என் பிழைப்பு. பின்னால் ஒன்றுமில்லாமல் நிற்கும் முக்காற்புள்ளியைக் கண்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனாலும் அதை அடிப்பதற்கு முன் கை ஒரு நொடி தயங்கும். எல்லாம் அப்பாவால்தான்.

அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லர். வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது போர் போட்டுக்கொண்டிருப்பார். அவர் எழுதிப் பழகியது ரிக் ஷீட்டு ஒன்றைத்தான். இடம், ஆழம், பாறை, தண்ணீர் என்று அதில் வரிசையாக இருக்கும். எங்களுக்கு அனுப்பும் வாட்ஸ்அப்பும் அதே மாதிரிதான்.

ஊர்: ராய்ப்பூர் பக்கம்.
உடம்பு: சுகம்.
சாப்பாடு: ரொட்டி, வேறென்ன.

“ஊட்டுக்கு எழுதறீங்களா, ஷீட்டு நெரப்பறீங்களாப்பா?” என்று கிண்டல் செய்வேன். பதிலுக்குச் சிரிக்கும் பொம்மை ஒன்று வரும்.

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் சென்னையில் தமிழ் படிக்க எனக்கு இடம் கிடைத்தது. வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். பெண்பிள்ளைக்கு உள்ளூர்க் காலேஜ் போதும் என்று மாமா ஒற்றைக்காலில் நின்றார். அப்பா சொல்வதுதான் முடிவு என்று அம்மா அவருக்குக் கேட்டு அனுப்பினாள். புதன்கிழமை பதில் வந்தது. ஊர், உடம்பு, சாப்பாடு எல்லாம் ஒழுங்காக இருந்தன. கடைசி வரியில் ‘படிப்பு:’ என்று மட்டும் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை.

“உங்கப்பாவுக்கு இஷ்டமில்லயாட்ட இருக்குது சாமி” என்றாள் அம்மா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன. வேண்டாம் என்று எழுதக்கூடவா மனம் வரவில்லை? உடனே போன் போட்டுச் சண்டை பிடித்தேன். அங்கே ரிக் இரைந்துகொண்டிருந்தது. அப்பா கத்தித்தான் பேசினார்.

“ஷீட்டுல தண்ணீர்ங்கற எடத்த மட்டும் நான் நெரப்ப மாட்டேன் சாமி. எந்த ஊர்லயும் தோட்டத்துக்காரரு கையில பேனாவக் குடுத்துருவேன். அவுரு தண்ணி, அவுருதான எழுதோணும்? படிக்கப் போறவ நீ. நீயே எழுது.”

போனை வைத்துவிட்டார். மாமா பார்த்துக்கொண்டிருக்க, ‘படிப்பு: தமிழ், சென்னை’ என்று அடித்து அனுப்பினேன்.

அப்பா இப்போது ரிக்கை விட்டுவிட்டு ஊரோடு இருக்கிறார். எதுவானாலும் போனிலேயே பேசிவிடுகிறார். அந்தச் செய்திகளுக்கு மனம் ஏங்குகிறது. அதற்காகவே திரை உடைந்த பழைய போனைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். அன்று நான் அனுப்பியதற்கு அவர் போட்ட பதில் இன்னும் அதில் இருக்கிறது.

தண்ணீர்: வந்துருச்சு.