இருமல் பிடித்த படகு

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அந்த ஆளுக்குத் தெருவே வைத்த பெயர் கிறுக்கல் மாமா. எறும்பை மையில் முக்கி ஓடவிட்ட மாதிரி டாக்டர்கள் எழுதித் தரும் சீட்டைக்கூட மூச்சுவிடாமல் படித்துவிடுவார். பெயரில் பாதி அதற்கு. மீதி, அக்கா வீட்டுச் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டி வைக்கும் குணத்துக்கு.

அன்று சனிக்கிழமை. அக்கா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் இரண்டாம் வகுப்பு மகள் மறுபடி ஒன்றாம் வகுப்பு.

"வாய் மட்டும் ஊரை வித்துடும். புத்தகத்த எடுத்தா தலைவலி, வயித்துவலி, தாகம். சோம்பேறித்தனம்டா, வேற ஒண்ணுமில்ல."

"எனக்குத் தாகமே எடுக்கக் கூடாதாம்மா?" என்றாள் மகள். இந்த வாய்க்காகவே வீட்டில் அவள் பெயர் வக்கீல்.

"மாமாகிட்ட படிச்சுக் காட்டுடி."

வாத்துப் பாடத்தைக் கடகடவென்று ஒப்பித்தாள். விரல் இரண்டாம் வரியில் நிற்க, வாய் நான்காம் வரியில் போய்க்கொண்டிருந்தது. மாமாவுக்குக் கை குறுகுறுத்தது. இன்னும் நடத்தாத பாடத்தைப் புரட்டி, அங்கிருந்த படகுப் படத்தின் மேல் இருமல் மருந்து ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி நீட்டினார். அதில் ஒரு சின்னப் பையன் வாயைப் பொத்தி இருமிக்கொண்டிருந்தான்.

"தம்பி இருமுகிறான். தம்பி மருந்து குடிக்கிறான்," என்று ராகமாகப் படித்தாள் வக்கீல்.

அச்சில் இருந்ததோ, "படகு போகிறது. படகு ஆடுகிறது."

அக்காவே சிரித்துவிட்டாள். கூடச் சிரிக்கத் தொடங்கிய மாமா பாதியில் நிறுத்தினார். மருந்து உறையின் பின்பக்கம் "படகு" என்று மட்டும் எழுதிக் காட்டினார். வக்கீல் வெகுநேரம் முறைத்துப் பார்த்தாள்.

"பகடு... நீங்க தப்பா எழுதிட்டீங்க மாமா."

நோட்டைக் கேட்டு வாங்கினார். ஒரே பக்கத்தில் "மரம்" மூன்று விதமாக நின்றது. அழித்து அழித்து ஓரிடத்தில் தாளே ஓட்டையாகியிருந்தது.

"அக்கா, சோம்பேறி ஓட்டை விழுற வரைக்கும் அழிப்பானா?"

அக்கா நோட்டை வாங்கி அந்த ஓட்டையை விரலால் தடவினாள்.

"இவளுக்கு எல்லாப் புத்தகமும் டாக்டர் கையெழுத்துக்கா. அதான் படத்தப் பாத்து ஊகிக்கிறா. எனக்குச் சந்தேகம் வந்தா டாக்டருக்குப் போன் போடுவேன். இவ யாருக்குப் போடுவா?"

திங்கட்கிழமை சாயங்காலம் அக்கா, மகளோடு கடைக்கே வந்துவிட்டாள்.

"கையெழுத்துப் போடலடா. இந்த நோட்டக் காட்டினேன். எழுத்தச் சேத்துப் படிக்கத் திணறுற டிஸ்லெக்சியாவா இருக்கலாமாம், சோதிச்சுப் பாத்தாத்தான் தெரியுமாம். அதுக்குன்னு படிச்ச டீச்சர் வியாழக்கிழமை வர்றாங்க. அதுவரைக்கும் ரெண்டாம் வகுப்புதான்."

"அது நோயா மாமா?" என்றாள் வக்கீல்.

"நோயா இருந்தா எங்க கடையில மருந்து இருக்குமே. உனக்கு வேற மாதிரி சொல்லிக் குடுக்கணும், அவ்வளவுதான்."

வக்கீல் விடவில்லை.

"அப்ப இத்தன நாளும் திட்டு வாங்கினது?"

அக்கா மகளைக் கடை பெஞ்சில் இழுத்து உட்கார வைத்து, நன்றாகவே இருந்த பின்னலை அவிழ்த்து, மெதுவாக மறுபடி பின்ன ஆரம்பித்தாள்.