திருடனைக் கேட்டா கார் வாங்குவது?

கார் விற்கும் தொழிலில் வாடிக்கையாளர் தனியாக வருவதே இல்லை. அவருடைய பயமும் கூடவே வரும், அதற்கும் ஒரு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து உட்கார வைக்க வேண்டும்.

நான் மலேசியாவில், கிள்ளானில் ஒரு ஷோரூமில் சேல்ஸ் அட்வைசர். முன்பெல்லாம் அந்தப் பயத்துக்கு பெட்ரோல் விலை என்று பெயர். இப்போது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் என்று பெயர். எக்ஸாஸ்ட் குழாயின் நடுவில், புகையைச் சுத்தம் செய்வதற்காக இருக்கும் பாகம் அது. எல்லாக் கார்களிலும் உண்டு. ஹைப்ரிட் காரில் பாதி நேரம் பேட்டரியில் ஓடுவதால் எஞ்சினுக்கு வேலை குறைவு. அதனால் அந்தப் பாகத்துக்குள் இருக்கும் விலை உயர்ந்த உலோகமும் அவ்வளவாகத் தேயாது. இது நமக்குத் தெரிவதற்கு முன்பே திருடனுக்குத் தெரிந்துவிட்டது. ஜாக் வைத்துக் காரைத் தூக்குவான், இரண்டு பக்கமும் அறுப்பான், உருவிக்கொண்டு போய்விடுவான். கார் நின்ற இடத்திலேயே நிற்கும், குடல் மட்டும் இருக்காது. கார் வைத்திருக்கும் உங்களுக்கு நான் இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. இந்நேரம் ஒரு முறையாவது ஜன்னல் வழியே எட்டிப் பார்த்திருப்பீர்கள்.

தரையில் படுத்த அங்கிள்

ஒரு சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மகள், மருமகன், இரண்டு பிள்ளைகள், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா. மகளுக்கு ஏழு பேர் உட்காரும் ஹைப்ரிட் ஒன்று பிடித்துப்போய்விட்டது. பிள்ளைகள் கடைசி சீட்டில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டோம் என்று அடம். நான் பின்கதவைத் திறந்து, சாமான் வைக்க எவ்வளவு இடம் இருக்கிறது என்று காட்டிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் அங்கிளைக் காணோம்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஷோரூம் தரையில் மல்லாக்கப் படுத்து, தலையையும் தோளையும் காருக்கு அடியில் விட்டிருந்தார். கையில் கைப்பேசி வெளிச்சம். “அப்பா, எந்திரிங்கப்பா, எல்லாரும் பாக்கறாங்க” என்று மகள் கெஞ்சினாள். அவர் அசையவில்லை. அந்தச் சாமான் எங்கே இருக்கிறது, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று அடியிலிருந்தே கேள்வி கேட்டார். நானும் புடவையைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு, குனிந்து குனிந்து பதில் சொன்னேன். ஒருவழியாக வெளியே வந்தவர், சட்டையில் ஒட்டிய தூசியைக்கூடத் தட்டாமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: “சக்கர வியாதிக்காரன், மூட்டு வலிக்காரன், நானே தோள் வரைக்கும் நுழைஞ்சிட்டேன். அவனுக்கு என்னம்மா கஷ்டம்?”

தண்ணீர் போத்தல்

அடுத்தது என் சொந்தக் கதை. நான் ஓட்டுவதும் ஹைப்ரிட்தான். சமைக்கிறவளே சாப்பிடாவிட்டால் கடைக்கு யார் வருவார்கள்? மகளின் நடன உடையை பிரிக்பீல்ட்ஸில் தைக்கக் கொடுத்திருந்தேன். அங்கே கார் நிறுத்த இடம் தேடி அலைய வேண்டாம் என்று சுபாங் ஜெயாவில் ஒரு தனியார் பார்க்கிங்கில் காரைப் போட்டுவிட்டு ரயிலில் போனேன். நல்ல பட்டப்பகல். உடையை வாங்கிக்கொண்டு திரும்பி வந்து பொத்தானை அழுத்தினேன். ஹைப்ரிட் முதலில் பேட்டரியில்தான் நகரும். எப்போதும்போல் பூனை மாதிரி கிளம்பியது. ஒரு வளைவு தாண்டி மேடு ஏறும்போதுதான் எஞ்சின் விழித்தது. அப்பப்பா, அந்தச் சத்தம்! கல் ஏற்றிய பழைய லோரி ஒன்று என் சீட்டுக்கு அடியில் உறுமுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரர் பதறிப்போய் ஓரம் கட்டினார். இறங்கிக் குனிந்து பார்த்தேன். குழாய் இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டு, நடுவில் ஒன்றுமே இல்லை. வெட்டுவாய் புதுசாய்ப் பளபளத்தது.

எனக்கு அழுகை வரவில்லை. உச்சந்தலைக்குக் கோபம்தான் ஏறியது. அதே சத்தத்தோடு பார்க்கிங்குக்குத் திரும்பிப் போனேன். வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா நம் ஆள்தான், வயதானவர். என் காருக்குப் பக்கத்தில் யாரையாவது பார்த்தாரா என்று கேட்டேன். பார்த்தேன் என்று சட்டென்று தலையாட்டினார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது. “மஞ்ச வெஸ்ட் போட்டுக்கிட்டு ரெண்டு பேரு ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தாங்க ஆயி. வெயில்ல பாவமேன்னு நான்தான் தண்ணி போத்தல் கொடுத்தேன்.”

முன்வாசல்

போலீஸ் ரிப்போர்ட் கொடுத்துவிட்டு மறுநாள் அதே காரில் வேலைக்குப் போனேன். நான் தெருமுனையில் வரும்போதே ஷோரூம் கண்ணாடி அதிர்ந்ததாம். எங்கள் மேனேஜர் மோகன் ஓடி வந்தார். காரைப் பின்பக்கம் ஒளித்து வைக்கச் சொன்னார். வாடிக்கையாளர் காதில் இது விழுந்தால் ஹைப்ரிட் ஒன்றுகூட நகராது என்பது அவர் கவலை. அதிலும் நியாயம் இருந்தது. அந்த மாதம் எங்கள் பிழைப்பே ஹைப்ரிடில்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எனக்கு மனசு கேட்கவில்லை. “எவனோ அறுத்துட்டுப் போனதுக்கு நான் ஏன் பாஸ் பின்வாசல்ல வரணும்?” என்று கேட்டுவிட்டு முன்வாசலிலேயே நிறுத்தினேன்.

அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்டலிட்டிக் திருட்டைப் பற்றிக் கேட்டார்கள். எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னேன். காருக்கு அடியில் இரும்புத் தகடு அடித்து, போல்ட் தலைகளைத் தேய்த்துவிட்டால் திருடனுக்கு வேலை நீளும், நீண்டால் விட்டுவிட்டுப் போவான் என்றும் சொன்னேன். ஒரு ஜோடி காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பியது. இன்னொரு குடும்பம் உட்கார்ந்து தகட்டைப் பற்றி விவரமாகக் கேட்டது. மோகன் கண்ணாடி அறைக்குள்ளிருந்து கிளம்பியவர்களை மட்டும் பார்த்தார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார்: “கலா, நீ கார் விக்க வந்தியா, காருக்கு இழவு சொல்ல வந்தியா?”

பாதை தெரிந்த சாமான்

எனக்கு வேண்டிய புதுப் பாகம் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது, வந்துகொண்டே இருக்கிறது என்றார்கள். நான் வீடு திரும்புவது எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்கத் தெரிந்தது. எதிர்வீட்டு அக்கா என் சத்தம் கேட்டுத்தான் சோற்றுக்கு உலை வைப்பாராம். ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு வொர்க்‌ஷாப்பில் உடனே கிடைக்கும் என்று யாரோ சொல்ல, போனேன். கடைக்காரர் சிரித்த முகம். உள்ளே போய் நாளிதழில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பிரித்தால் கேட்டலிட்டிக். இரண்டு முனையிலும் ரம்பம் போட்ட தடம் அப்படியே இருந்தது. ஒரு பக்கத்தில் குழாய் கோணலாக வெட்டுப்பட்டிருந்தது, அவசரத்தில் அறுத்த மாதிரி.

ரசீது தருவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். யாருடைய கார் என்று கேட்டேன். அதற்கும் சிரிப்பு. அந்தக் காரில் எந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்ததோ என்று ஒரு நினைப்பு வந்தது. “இத நான் வாங்குனா நாளைக்கு இன்னொரு வீட்டுக் காருக்கு அடியில நானே ரம்பத்தோட படுத்த மாதிரிண்ணே. வேணாம். சத்தத்தோடயே ஓட்டிக்கிறேன்” என்றேன். அவருக்குக் கோபமே வரவில்லை. பொறுமையாக மறுபடி நாளிதழில் சுற்றிக்கொண்டே சமாதானம் சொன்னார்: “கோவிச்சுக்காதீங்கக்கா. உங்களோடதே பாதை தெரிஞ்சு திரும்பி வந்துருச்சுன்னு நெனச்சுக்குங்களேன்!”

திலகாவின் கழுத்து

திலகா தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். கணவர் குணா பள்ளிக்கூடத்தில் கிளார்க். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். மூன்று பிள்ளைகள். பழைய கார் வாரத்துக்கு ஒரு முறை நடுரோட்டில் படுத்துக்கொள்ள, புதுசு பார்க்க வந்தார்கள். திலகாவுக்கு ஹைப்ரிட் வேண்டும். காலையில் வேலைக்கு, மாலையில் டியூஷனுக்கு என்று ஜாமில்தான் அவர் வாழ்க்கை ஓடுகிறது. குணாவுக்கோ திருடன் ஏறெடுத்தும் பார்க்காத பழைய பெட்ரோல் கார் போதும். இருவரும் என் முன்னால் சண்டை போடக் கூச்சப்பட்டு, பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். உங்கள் வீட்டிலும் கார் வாங்கும்போது இப்படித்தான் நடந்திருக்கும்.

வாசலில் நின்ற என் காரைக் காட்டி என் கதையைச் சொன்னேன். விற்பனை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். குணாவுக்கு ஏகச் சந்தோஷம். “பாத்தியா, அக்காவே சொல்றாங்க” என்றார். திலகா துப்பட்டாவை விலக்கிக் கழுத்தைக் காட்டினார். பக்கவாட்டில் ஒரு கோடு, மெல்லிய தழும்பு. முன்பு தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது மோட்டாரில் வந்தவன் சங்கிலியை இழுத்ததில் வந்ததாம். மறுவாரமே அதே இடத்தில் போய் நின்று பஸ் ஏறினாராம். கணவரைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் கேட்டார்: “சங்கிலிய அறுத்தான்னு நான் நடக்கறத விட்டேனா? குழாய அறுப்பான்னு இப்ப கார விடச் சொல்றீங்களா?”

குணாவின் குரல்

ஹைப்ரிடையே எடுத்தார்கள். டெலிவரிக்கு முன்பே தகடு மாட்டச் சொன்னேன். குணா லீவு போட்டுவிட்டு வந்து, கடைசி போல்ட் வரைக்கும் பக்கத்தில் நின்று பார்த்தார். சில மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை இருவரும் ஷோரூமுக்கு வந்தார்கள். முதல் நாள் ஞாயிற்றுக்கிழமைக் காலை, கிள்ளானில் பாசாருக்குப் போயிருக்கிறார்கள். திலகா மீன் வாங்க நிற்க, குணா காய்கறிப் பையோடு காருக்கு வந்திருக்கிறார். கார் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. அடியிலிருந்து இரண்டு கால் நீட்டிக்கொண்டிருக்கிறது. கட்டர் சத்தம். சுற்றிலும் ஜனம், யாரோ வண்டியை ரிப்பேர் பண்ணுகிறார்கள் என்று நினைத்து விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. மோட்டாரில் காவலுக்கு இருந்த கூட்டாளி குணாவைப் பார்த்ததும் பறந்துவிட்டான். உள்ளே கிடந்தவனுக்கு அது தெரியாது.

குணா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார்: “ஜாக்க ஒரு ஒதை விட்டிருந்தா அவன் கதை முடிஞ்சிருக்கும்க்கா. கால் தானா தூக்கிருச்சு. அப்புறம் அந்த ரெண்டு காலப் பாத்தேன். பிஞ்ச செருப்பு. ஒதைக்க வரல.” அடுத்து ஜாக்கைப் பார்த்திருக்கிறார். அவசரத்தில் கோணலாக வைத்தது, தார் ரோட்டில் மெல்லச் சறுக்க ஆரம்பித்திருந்தது. பையைக் கீழே போட்டுவிட்டு, கார் விழுகிறது, வெளியே வா என்று மலாயில் கத்தியிருக்கிறார். “இத்தனை வருஷத்துல இவர் இப்படிக் கத்தி நான் கேட்டதே இல்ல, மீன் கடை வரைக்கும் கேட்டுச்சு” என்றார் திலகா. உள்ளே இருந்தவன் புழு மாதிரி நெளிந்து வெளியே வந்திருக்கிறான். ஒரு மூச்சு நேரத்தில் கார் தொப்பென்று இறங்கியது. கட்டர் தகட்டிலேயே மாட்டிக்கொண்டது. அதற்குமேல் நடந்ததைச் சொல்ல வந்த குணாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது: “புடிக்கலாம்னு கைய நீட்டுறேன், அவன் என் கையப் புடிச்சு ‘தெரிமா காசி, அபாங்’னு நன்றி சொல்லிட்டு ஓடுறான்க்கா!”

பின்சீட்டு

தகட்டில் பாதி வரைக்கும் ரம்பத்தின் பள்ளம். அதற்குமேல் இறங்கவில்லை. புதுத் தகடு மாட்டிக் கொடுத்தோம். பழையதைத் தூக்கிப் போடப் போனபோது மோகன் வாங்கி, துடைத்து, காப்பி மெஷினுக்கு மேலே சுவரில் மாட்டினார். இப்போது வருகிறவர்களுக்கு அவரே குணாவின் கதையைச் சொல்கிறார். அவர் சொல்லும்போது திருடர்கள் நாலு பேராகிவிடுகிறார்கள், நான் திருத்துவதில்லை. எனக்கும் புதுப் பாகம் வந்து சேர்ந்தது. எதிர்வீட்டு அக்காதான் உலை வைக்க மறந்துபோகிறேன் என்று குறைப்பட்டார்.

போன வாரம் சென்னையிலிருந்து வேலைக்கு வந்து பிரிக்பீல்ட்ஸில் கொண்டோ எடுத்திருக்கும் ஒரு தம்பதி வந்தார்கள். மோகன் தகட்டைக் காட்டி, பள்ளத்தைத் தடவச் சொல்லி, மலாய்க் கத்தல் வரைக்கும் நடித்துக் காட்டினார். கணவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மனைவி கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: “அதெல்லாம் சரி, மேடம், பின்சீட்டுக்கு ஏசி நல்லா வருமா?”

தகட்டை நாங்கள் மாட்டித் தருவோம். பிடிவாதத்தை மட்டும் நீங்கள் வீட்டிலிருந்து கொண்டு வந்துவிடுங்கள், அது எங்கள் ஷோரூமில் ஸ்டாக் இருப்பதில்லை.