மாப்பிள்ளை வீட்டார் கேட்ட மாடி

இலங்கையின் கிழக்கே, கல்முனைக் கரையில் எந்த ஆணும் தனக்கென்று வீடு கட்டுவதில்லை. பெண்ணைப் பெற்றவன் கட்டுவான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுவான். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊரில் பிறந்து, பம்பாயில் கட்டடக்கலை படித்து, கொழும்புக் கம்பனி ஒன்றுக்காகப் பள்ளிக்கூடம் கட்ட அங்கே போன நானும் அப்படித்தான் சாய்ந்தமருதில் என் மனைவியின் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தேன். ஐம்பதுகளின் தொடக்கம் அது. ஊரார் என்னை ‘இந்தியா மாப்புள’ என்றார்கள். கம்பனி என்னை மறந்த பிறகு, சீதன வீடுகளுக்குப் பிளான் கீறுவதே என் தொழிலாயிற்று. ஒரு செங்கல்லுக்கும் காசு கொடுக்காதவர்களின் ஆசைக்குத்தான் அந்த வீடுகள் எழும்பின.

மருதமுனையில் தறிகள் வைத்திருந்த ஒருவர் தன் மூத்த மகளுக்கு வீடு கட்ட என்னைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். நான் தாழ்வான ஒரு வீட்டைக் கீறினேன். கடல் பக்கம் அகன்ற விறாந்தை, சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி, பின்னால் இரண்டு தறிகள் நிற்க ஒரு கூடம். பெண் நன்றாக நெய்வாள் என்று தகப்பன் சொல்லியிருந்தார்.

மாப்பிள்ளையின் தாய்மாமன் குடையோடு வந்தார். மனைவி கொண்டுவந்த வீட்டிலேயே இருந்து நரைத்தவர். பிளானை அவர் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டைப் பார்த்தார்.

“அந்த ஊட்டுல போட்டிக்கோ இரிக்கி. இதுல எங்க?”

வாசலுக்கு முன்னால், மொட்டைத் தட்டோடு ஒரு போட்டிக்கோ வந்தது. பிறகு அதற்குத் தூண்கள் வந்தன. பிறகு, “கவுமேந்து உத்தியோகத்தன் இரிக்கிற ஊட்டுல தறிச் சத்தம் கேக்கப்படா” என்றார். தறிக்கூடம் போயிற்று. சுவர்கள் யன்னல் மட்டத்துக்கு வந்தபோது குடை மறுபடியும் வந்தது.

“மாடி வேணும்.”

மணலில் ஒரு தட்டுக்குப் போட்ட அத்திவாரம், மேலே பாரம் ஏற்றினால் சுவர் வெடிக்கும் என்றேன். அவர் குடையை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இந்தியாவால வந்தாக்கள எல்லாம் திருப்பி அனுப்பப் போறாங்களாம். உங்கட கடதாசியெல்லாம் சரியா இரிக்கா தம்பி?”

என் தங்கும் அனுமதி புதுப்பிப்பதற்காகப் போயிருந்தது. அது அவருக்குத் தெரியும். எனக்குப் பயம் வந்தது. ஆனால் அந்த மனிதர்மேல் எழுந்த அருவருப்பு பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

“என்னை அனுப்பினாலும் இந்த மண் மணலாகத்தான் இருக்கும், காக்கா” என்றேன், அண்ணன் என்ற மரியாதையை விடாமல்.

அவர் போன பிறகு பெண்ணின் தகப்பன் என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். “மாப்புள, கலியாணம் குழம்பினா மகள்ற பேருதான் கெடும். எப்பிடியாவது ஒண்டு செஞ்சி தாங்க.”

வெறுப்பில் ஒரு படிக்கட்டைக் கீறிக் கொடுத்தேன். கூடத்திலிருந்து ஏறி, போட்டிக்கோவின் மொட்டைத் தட்டில் போய் முடியும். உச்சியில் ஒரு கதவு. அதற்கப்பால் அறையுமில்லை, கூரையுமில்லை. பார்த்ததும் என்னைத் துரத்துவார்கள் என்றே நினைத்தேன். அப்படியே கட்டிவிட்டார்கள். தாய்மாமன் பாதிப் படி ஏறினார், கைப்பிடியைத் தட்டிப் பார்த்தார், இறங்கி வந்தார்.

“இப்பதான் ஊடு மாதிரி இரிக்கி.”

கலியாணம் நடந்தது. கிளாக்கர் படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மாரி மழை பிடித்ததும் மேலே இருந்த கதவு ஊதிப்போய்ச் சாத்த முடியாமல் நின்றது. தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிக் கூடத்துக்கு வந்தது. அரசாங்க உத்தியோகத்தர் கதிரையில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார். அவள்தான் வாளியும் துணியுமாகத் திரிந்தாள்.

மழை விட்டதும் அவள் தகப்பனிடம் சொல்லி இரண்டு தறிகளை வரவழைத்தாள். பெருமைக்கு எழுப்பிய தூண்களுக்கு நடுவே, போட்டிக்கோவில் நிறுத்தினாள். கந்தோரிலிருந்து வந்த புருஷன் வாசலில் திகைத்து நின்றாராம்.

“ஆக்கள் பாத்தா என்ன கதைப்பாங்க? நான் எங்க போய் இரிக்கிற?”

“மாடிக்குப் போங்க” என்றாளாம், தறியை நிறுத்தாமலே.

என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி இதைச் சொன்னாள். அதற்குள் மருதமுனை முழுக்க அந்தப் பேச்சுப் பரவியிருந்தது. இனி யாரும் என்னிடம் பிளானுக்கு வரமாட்டார்கள் என்று, உண்மையைச் சொன்னால், நிம்மதியாகவே இருந்தேன்.

நிந்தவூரிலிருந்து ஒரு தகப்பன் வந்தார். “அந்த ஊட்டுல வெச்ச மாதிரி ஒரு மாடிப்படி வெச்சிக் கீறித் தாங்க.”

“அதற்கு மேலே ஒன்றுமில்லை, தெரியுமா?”

“ஓம், எல்லாருக்கும் தெரியும். மாப்புள ஊட்டாக்களுக்கும் தெரியும். படி இரிந்தாப் போதும்.”

அவர் முகத்தில் வெட்கமும் இல்லை, கேலியும் இல்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார். பம்பாயில் என் ஆசிரியர்கள் இதற்கு எந்தப் பாடமும் நடத்தியிருக்கவில்லை. தாளை விரித்துக் கீறத் தொடங்கினேன். இந்தத் தடவை மேல் வாசற்படியை மட்டும் ஒரு சாண் உயர்த்தி வைத்தேன், மழைத் தண்ணீர் உள்ளே வராதபடி.